மூன்றாம் வரிசையில் என் படம்

அப்பா இடது கையை நீட்டி அந்தப் படத்தின் சட்டத்தைத் தொட்டார். வலது கை அவருக்குத் தோளுக்கு மேல் எழும்பாது.

"தோ பாரு காளிமுத்து, நம்ம பையன்" என்றார்.

சென்னையில் நான் படித்த நடிப்புக் கல்லூரியின் வரவேற்புக் கூடம் அது. சுவர் முழுக்கச் சட்டம் போட்ட படங்கள். மேலே தெர்மோகோலில் வெட்டிய எழுத்தில் 'எங்கள் பெருமைகள்' என்று ஒட்டியிருந்தார்கள். மேல் வரிசையில் நாடறிந்த முகங்கள். இரண்டாம் வரிசையில் எங்கேயோ பார்த்த முகங்கள். மூன்றாம் வரிசையில் கடைசிக்கு முந்தின படம், நான்.

அப்பாவோடு வந்தவர் காளிமுத்து சித்தப்பா. பங்காளி முறை. மணலூர்பேட்டையில் பெண் எடுத்து அங்கேயே கரும்பும் நெல்லும் வைத்துக்கொண்டு தங்கிவிட்டவர். கூடவே அவர் மகள் தமிழ்ச்செல்வி, அப்போதுதான் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். பள்ளி நாடகத்தில் நீதிபதியாக நடித்ததிலிருந்து வேறு நினைப்பே கிடையாதாம்.

அவளிடம் ஒரு கார்டு இருந்தது. கடற்கரை ஊரில் இருந்த அரசாங்கக் கல்லூரியின் நாடகத் துறையில் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்திருக்கிறது, இன்ன தேதிக்குள் வந்து சேரவும் என்று அச்சடித்திருந்தது. இன்ன தேதி என்பது நாளை மறுநாள்.

"அங்க படிச்சவங்க ஒருத்தர்கூட பெரிய ஆளா வர்லியாம்ணா" என்றாள். கண் என் மேல் இல்லை, சுவரில் இருந்தது. "இங்க பாருங்க, எத்தினி பேரு!"

சித்தப்பா என்னைப் பார்த்தார். "நீ சொல்றதுதாம்பா. நீ இங்க படிச்சி போட்டோல இருக்கற. ஒன் வார்த்தைக்கோசரம்தான் அண்ணன இட்டுக்கினு வந்தன். இங்க சேக்கலாமா, அங்க சேக்கலாமா?"

"இருங்க, காபி வாங்கியாறேன்" என்று வெளியே போனேன். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொல்ல வேண்டுமென்றால், அப்பாவிடம் மூன்று வருடமாகச் சொல்லி வந்த ஒரு பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால்தான் காபி.

வாசகர்கள் கேட்பது

பத்திரிகையில் என்னுடைய இந்தத் தொடர் வர ஆரம்பித்ததிலிருந்து கடிதம் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் பிள்ளைகளைப் பெற்றவர்கள். மகனுக்கு நடிப்பு ஆசை, எந்தக் கல்லூரியில் படித்தவர்கள் அதிகம் ஜெயித்திருக்கிறார்கள், சொல்லுங்கள் என்கிறார்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள். எனக்குத்தான் அந்தக் கேள்வியைப் படித்தாலே எரிச்சல் வருகிறது. அவர்கள் மேல் இல்லை, என் மேல்.

ஏனென்றால் நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன். கேட்டுவிட்டு, வலிய வந்த ஒன்றைக் காலால் எட்டி உதைத்தேன்.

கார்டு வந்த வருடம்

எங்கள் ஊர் தியாகதுருகத்துக்குப் பக்கம். வாசலில் நின்றால் கிழக்கே கோட்டை மலை, மேற்கே வானம் தெளிவாக இருந்தால் கல்வராயன் மலை நீலமாகத் தெரியும். அப்பா குத்தகைக்குக் கரும்பு வைத்திருந்தார். எனக்கு நடிப்பு எப்படித் தொற்றியது என்பதை முன்பே எழுதிவிட்டேன், மறுபடி அதே பாட்டைப் பாடவில்லை.

அந்த வருடம் கடற்கரை ஊரில் நாடகத்துக்கென்று ஒரு துறை புதிதாகத் திறந்திருந்தார்கள். நேர்முகத் தேர்வுக்குப் போனேன். கஞ்சி போட்ட நூல் புடவையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். தலையில் முக்கால்வாசி நரை. நான் நாலு பக்க வசனம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை.

"உங்க ஊர்ல யார மாதிரியாவது நடந்து காட்டுங்க" என்றார்.

கரும்புக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் போகும் அப்பாவைப் போல நடந்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இன்னொரு தடவை நடக்கச் சொன்னார். கழுத்து எங்கே வலிக்கும் என்று கேட்டார். நான் தொட்டுக் காட்டினேன். அரை மணி நேரம் இப்படியே போனது. அதற்கு முன்பும் பின்பும் என் உடம்பை அவ்வளவு கவனமாக யாரும் பார்த்ததில்லை.

கடைசியில் நான் கேட்டேன். "மேடம், இங்க படிச்சவங்க யாராவது சினிமாவுல இருக்காங்களா?"

அவர் சிரித்தார். "இங்க இன்னும் யாருமே படிக்கலியே. நீங்கதான் மொத ஆளுங்க. காட்றதுக்கு எங்ககிட்ட யாரும் இல்ல."

ஒளிக்காமல் சொன்னார். அந்த வயதில் எனக்கு அது ஏழைப் பேச்சாகப் பட்டது.

அதே சமயம் என் நோட்டுக்குள் வேறொன்று இருந்தது. ஒரு வாரப் பத்திரிகையிலிருந்து கத்தரித்த விளம்பரம். சென்னைத் தனியார் நடிப்புக் கல்லூரி, கீழே தபால்தலை அளவில் ஒன்பது நட்சத்திரங்களின் முகங்கள், 'இவர்கள் எங்கள் மாணவர்கள்'. கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்கு எதிரே ஜவுளிக்கடை வைத்திருந்த காதர் பாயிடம் அதைக் காட்டினேன். பள்ளி நாடகத்துக்குத் துணியெல்லாம் அவர் கடையில்தான் எடுப்போம், அந்தப் பழக்கம்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "தம்பி, நானும் ஷோகேஸ்ல நல்ல சட்டையத்தான் மாட்டி வெக்கிறன். உள்ள மூட்டையில இன்னா கீதுன்னு வாங்கறவன் கேக்கறானா? மாட்டனது கம்மி, மூட்டை ஜாஸ்தி" என்றார்.

பாய்க்கு சினிமாவைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மூன்று வாரத்தில் கடற்கரை ஊரிலிருந்து கார்டு வந்தது. இடம் கிடைத்துவிட்டது. பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு என்று ஒரு மூலையில் எழுதியிருந்தது. அப்பா அந்த மூலையைத்தான் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். நடிப்பு என்றால் முகம் சுளிப்பவர், அதைக் கேட்டதும் மாறிப்போனார்.

"கவர்மெண்ட்டு காலேஜி. நம்ம பங்குல கெடச்சிருக்குது. போயி சேரு."

மரங்கள் விழுந்த வாரம்

அது மறியல்கள் நடந்த காலம். எங்கள் ஜனத்துக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று சங்கம் அறிவிக்க, ஊர் ஊராக ஆட்கள் சாலைக்கு வந்தார்கள். முதலில் ஒரு நாள், பிறகு ஒரு வாரம். சாலையோரத்துப் புளியமரங்களை ராவோடு ராவாக அறுத்துக் குறுக்கே சாய்த்தார்கள். விடிந்து பார்த்தால் தியாகதுருகம் சாலை முழுக்கப் புளிய இலை. சின்னப் பிள்ளைகள் தரையிலிருந்தே பிஞ்சு பறித்துத் தின்றார்கள்.

மரத்தோடு போகவில்லை. சில ஊர்களில் எங்கள் ஆட்கள் காலனிப் பக்கம் போய்ச் செய்தவை உண்டு. தனக்குப் பங்கு கேட்டுச் சாலைக்கு வந்தவன், தனக்கும் கீழே என்று நினைத்தவன் கூரையில் கை வைத்தான். அதைச் சொல்லாமல் மறியலை வீரக் கதையாக எழுத எனக்குக் கை வராது.

அப்பா முதல் நாள் காலையிலேயே போய்ச் சாலையில் படுத்துவிட்டார். "எம்புள்ளைக்குக் கெடச்சாப்பல எல்லாப் புள்ளைக்கும் கெடைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பதினொரு மணிக்குத் தடியடி. முகத்தில் விழ வந்த அடியை வலது கையால் தடுத்திருக்கிறார். முழங்கைக்கு மேலே, தோள் பக்கம், எலும்பு இரண்டு இடத்தில் போனது.

கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரிக்குக் கட்டிலில் போட்டு வயல் வழியாகத் தூக்கிக்கொண்டு போனோம். கார்டில் போட்டிருந்த கடைசித் தேதி மறியலின் நான்காம் நாள்.

இதுவரை ஊருக்குத் தெரிந்த கதை. இனிமேல்தான் தெரியாதது.

ஒரு வாரம் பஸ் ஓடாது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் மூன்றாம் நாள் காலையில், முன்னால் ஒரு போலீஸ் வேனும் பின்னால் கம்பி வலை கட்டிய பஸ்ஸுமாக விழுப்புரம் வண்டி ஒன்று கிளம்பியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தேன். கண்டக்டர் இறங்கி நின்று, "விழுப்புரம், விழுப்புரம்" என்று கூப்பிட்டுக்கூடப் பார்த்தார். ஏறியது ஏழெட்டுப் பேர். விழுப்புரம் போய்விட்டால் அங்கிருந்து கடற்கரை ஊருக்குப் போவது பெரிய காரியம் இல்லை. மறுநாள் காலையில் சேர்ந்திருக்கலாம். அம்மா பக்கத்தில்தான் இருந்தாள், அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் இல்லை.

நான் ஏறவில்லை.

ஏன் என்று இத்தனை வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயம் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். பயமில்லை. ஒருத்தர்கூடப் படித்து வெளியே வராத இடத்துக்குப் போவானேன் என்று நினைத்தேன். ஒன்பது முகங்கள் இருந்த விளம்பரம் நோட்டுக்குள் இருந்தது. இந்த இடம் தானாகக் கைவிட்டுப் போனால், அப்பா சென்னைக்கு அனுப்ப வேண்டி வரும் என்று கணக்குப் போட்டேன். அவ்வளவுதான் காரணம். பஸ் கண்ணிலிருந்து மறைந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே வந்தேன்.

சாயந்திரம் அப்பா கேட்டார். "கடைசி நாளு நாளைக்குத்தான?"

"ஆமாம்பா. பஸ் ஒண்ணும் ஓடல."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. அடி பட்டபோது அழாத ஆள்.

நடுக்காட்டுக் கரும்பு

எங்கள் பக்கத்தில் கரும்பு நடுவதற்குக் கரணை, அதாவது விதைத் துண்டு, எடுக்கிறவன் சும்மா போய் வெட்டிக்கொண்டு வரமாட்டான். கரணை தருகிறவன் வயலை நேரில் போய்ப் பார்ப்பான். பார்ப்பதிலும் ஒரு முறை உண்டு. வரப்போரத்துக் கரும்பைத் திரும்பியும் பார்க்கக் கூடாது. அதற்கு வெயில் அதிகம், காற்று அதிகம், வாய்க்கால் தண்ணீர் முதலில் அதற்குத்தான். எவன் வயலிலும் வரப்போரம் நன்றாகத்தான் இருக்கும். சோகையை, காய்ந்த தோகையை, விலக்கிக்கொண்டு வயலின் நடுக்காட்டுக்குப் போக வேண்டும். உடம்பெல்லாம் சுணை அரிக்கும், கை காலில் கோடு கோடாகக் கீறும். நடுவில் நின்று நாலு கரும்பைப் பிடித்துக் கணு எண்ணிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் பேச்சு.

அப்பா இதில் கெட்டிக்காரர். கச்சிராயபாளையம் வரைக்கும் ஆட்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

கைக்கட்டுப் பிரித்த மாதமே அவராக வந்து சொன்னார். "அந்த மெட்ராஸ் காலேஜி கேட்டுக்கினு இருந்தியே. வா, போயி பாத்துட்டு வரலாம். நான் கெடுத்தத நான்தான சரி பண்ணணும்."

நான் கெடுத்தது என்றார். சாலையில் படுத்ததால் மகன் படிப்பு போயிற்று என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அந்த இடத்திலாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சி எனக்குச் சௌகரியமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதன் மேல் ஏறி உட்கார்ந்துதான் சென்னைக்கு வந்தேன். செலவுக்கு எப்படிப் புரட்டினார் என்று கேட்கக்கூட இல்லை.

இந்தச் சுவருக்கு முன்னால் அன்று அவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கல்லூரி மேனேஜர் லோகநாதன் ஒவ்வொரு படமாகக் காட்டிக்கொண்டே வந்தார்.

"இங்க கோட்டா கீட்டா எல்லாம் கெடையாதுங்க. தெறமை மட்டும்தான். அதனாலதான் இவ்ளோ பேர் வந்திருக்காங்க" என்றார்.

கோட்டாவுக்காகக் கை ஒடிந்த மனிதர் அதற்குத் தலையை ஆட்டினார். எவன் வயலிலும் சோகையை விலக்கி உள்ளே போய்ப் பார்க்கிற ஆள், இங்கே வரப்போரத்தைப் பார்த்துவிட்டு, "வெளச்சல் நல்லாக்கீது" என்று என் காதில் சொன்னார். இவர்கள் போக மற்றவர்கள் எங்கே என்று கேட்கவில்லை. கேட்கத் தெரியாதவர் இல்லை, சுவரில் ஏறிய முகங்களைப் பார்த்ததும் கூச்சம் வந்துவிட்டது. எனக்கு அந்தக் கூச்சமும் இல்லை.

மூட்டைக்குள் இருந்தது

சேர்ந்து இரண்டு மாதத்தில் தெரிந்துவிட்டது. மேல் வரிசையின் முதல் படத்தில் இருந்தவர் இங்கே படித்தது மூன்று வாரம். அதற்குள் தன் சித்தப்பா எடுத்த படத்தில் கதாநாயகனாகிப் போய்விட்டார். இரண்டாம் படம் ஒரு ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்க வந்தவர். மற்றவர்களில் பாதி, பிறக்கும்போதே ஸ்டுடியோ வாசலில் பிறந்தவர்கள். அவர்களுக்குக் கல்லூரி என்பது அப்பா கார் வந்து சேரும் வரை நின்றிருந்த நிழல்.

எங்கள் செட்டில் நாற்பது பேர். பக்கத்து நாற்காலி ராஜசேகர் சைதாப்பேட்டையில் மருந்துக்கடையில் நின்றான். நன்றாகப் பாடிய எட்வின் ஊருக்குப் போய் அப்பாவோடு படகில் ஏறிவிட்டான். மேடையில் ஏறினால் எங்களை எல்லாம் தூக்கிச் சாப்பிட்ட வசந்தாவைக் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள், என்ன ஆனாள் என்று தெரியாது. இவர்கள் படம் எந்தச் சுவரிலும் இல்லை.

பயிற்சியில் எனக்குக் கொடுத்த வேடங்கள் எப்போதும் ஒன்றுதான். கான்ஸ்டபிள், வண்டிக்காரன், பிணம். "உனக்கு அந்த முகம்தான்பா" என்பார்கள். கழுத்து எங்கே வலிக்கும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. படிப்பு முடிந்ததும் போக இடமில்லாமல் அங்கேயே ஒட்டிக்கொண்டேன். பின்கட்டில் படுக்கை, காலையில் விண்ணப்பம் வாங்கிக் கோப்பில் வைக்கிற வேலை. பெயர் மட்டும் 'உதவிப் பயிற்சியாளர்'.

கரியாலூரில் யானை

அப்படியிருந்தும் என் படம் எப்படிச் சுவரில் ஏறியது?

ஒரு பெரிய நடிகரின் படத்துக்கு வனக்காவலராக நிற்க ஆள் வேண்டும் என்று கல்லூரிக்குச் சொல்லி அனுப்பினார்கள். எங்கே படப்பிடிப்பு என்று கேட்டால் கல்வராயன் மலை, கரியாலூர் அருவிப் பக்கம். என் வீட்டு வாசலில் நின்றால் தெரிகிற மலைக்குச் சென்னையிலிருந்து வேனில் கூட்டிப் போனார்கள்.

எனக்கு ஒரே வசனம். "அந்தப் பக்கம் போகாதீங்க சார், யானை இருக்கு." உதவி இயக்குநரிடம் போய், இந்த மலையில் யானை கிடையாது சார், நான் இந்தப் பக்கத்து ஆள் என்றேன். "உன்ன யாரும் கேக்கல" என்றார்.

கூட்டத்தில் நிற்க அழைத்து வந்திருந்த மலைக்காரர் ஒருவர் என் பக்கத்தில் குந்தியிருந்தார். சாமை அறுப்பை விட்டுவிட்டு வந்தவர். எந்த ஊர் என்று கேட்டார், தியாகதுருகம் பக்கம் என்றேன். எங்கள் பக்கத்துப் பேச்சில் அது தெருவம்.

"தெருவத்துலருந்தா? மெட்ராசு போயி இங்கியே வந்து நிக்கிறியா? மல அடிவாரத்துலருந்து நேரா நடந்து வந்திருந்தா எப்பவோ வந்திருப்பியே சாமி" என்றார்.

கேலியாகச் சொன்னாரா பரிதாபமாகச் சொன்னாரா தெரியவில்லை. இரண்டும் ஒன்றுதான்.

படம் வெளியானபோது அந்தக் காட்சியில் என் முதுகு மட்டும் இருந்தது. வசனத்தை வேறு குரல் பேசியது. ஆனால் படப்பிடிப்பில் நடிகர் என் தோளில் கை போட்டு நின்ற ஒரு புகைப்படம் லோகநாதனிடம் சிக்கியது. மறுவாரமே சட்டம் போட்டு மாட்டிவிட்டார். கீழே 'முன்னணி நடிகருடன் திரையைப் பகிர்ந்த நம் மாணவர்'.

கழற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஊருக்குக் கடிதம் எழுதினேன், என் படம் சுவரில் இருக்கிறது என்று. அப்பா அதை மணலூர்பேட்டை வரைக்கும் சொல்லியிருக்கிறார்.

காபி ஆறிப்போன பிறகு

காபியோடு திரும்பி வந்தேன். வெளியே பெரிய சாலையில் ஊர்வலம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. வடக்கே மாணவர்கள் ஒதுக்கீட்டை எதிர்த்துத் தெருவில் இறங்கியிருந்த நேரம், இங்கே ஆதரித்து ஊர்வலம். கோஷம் கூடத்துக்குள் கேட்டது. லோகநாதன் சாப்பிடப் போயிருந்தார்.

தமிழ்ச்செல்வி என் படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை மெதுவாக வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். வருகிற வருடம் தன் படம் எந்த இடத்தில் வரும் என்று பார்க்கிறாள் என்று தோன்றியது. காபியைக் கீழே வைத்தேன்.

"சித்தப்பா, அங்கயே சேத்துடுங்க" என்றேன்.

"இன்னாப்பா சொல்ற?"

"இந்தச் சொவரு முழுக்கப் பொய். மேல இருக்கறவன் மூணு வாரம் படிச்சான். அந்த போட்டோல இருக்கறது நான்தான், ஆனா சினிமாவுல என் முதுகுதான் வந்துது. இங்க நான் விண்ணப்பம் வாங்கிக்கினு இருக்கறன், அவ்ளோதான் வேல. பாப்பாவ இங்க சேக்காதீங்க. நாளைக்கே கூட்டிக்கினு போயி அங்க சேத்துடுங்க. அங்க இருக்கற அம்மா சொல்லிக்குடுப்பாங்க."

தமிழ்ச்செல்வியின் முகம் சுருங்கியது. அப்பா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டத்தின் மேலிருந்த கையை எடுத்துக்கொண்டார்.

சித்தப்பா லேசில் விடுகிற ஆள் இல்லை. "அவ்ளோ நல்ல எடம்னா நீ ஏன் அங்க சேரல? ஒனக்கும் அங்க கெடச்சிதுன்னு அண்ணன் சொல்லிச்சே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"அவன ஏன் கேக்கற? நான்தான் கெடுத்தன்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "ரோட்ட மறிச்சி நாம படுத்துக்கினம். ஒரு வாரம் ஒரு பஸ்ஸுகூட வுடல. புள்ள எப்பிடிப் போவான்? ஊருக்கெல்லாம் கேட்டம், சொந்தப் புள்ளைக்குக் கெடச்சதுல மண்ணப் போட்டன்."

"ஒரு வாரமா?" சித்தப்பா சிரித்தார். "யாருண்ணா சொன்னது? மூணாம் நாளே வண்டி வந்துச்சே. முன்னால போலீசு, பின்னால விழுப்புரம் பஸ்சு. அன்னிக்கி நானு கள்ளக்குறிச்சில பதுங்கிக்கினு இருந்தன். அதுல ஏறித்தான உளுந்தூர்பேட்டைல எங்க சகலை வூட்டுக்கு ஓடனது. கண்டக்டரு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு கூவிக் கூவி ஆள ஏத்தனான்."

சித்தப்பாவுக்கு அது பழைய சாகசக் கதை. தான் போலீசிடமிருந்து தப்பியதை இன்னும் கொஞ்ச நேரம் சொன்னார். நானும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. அப்பா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்தேன். அதற்கு மேல் நான் அவரிடம் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"காளிமுத்து, அங்கயே சேத்துடு" என்றார். "வா, பஸ்சுக்கு நேரமாவுது."

தமிழ்ச்செல்வி அங்கேதான் சேர்ந்தாள். முதல் வருடம் என் மேல் கோபமாக இருந்தாள் என்று கேள்வி. இப்போது அந்தத் துறையிலேயே ஆசிரியை. நாடகம் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகிறாள். அவளை யாருக்கும் தெரியாது. விளம்பரத்தில் போடுவதற்கான முகம் இல்லை அது.

பாரிமுனையில்

பஸ் நிலையத்துக்கு நானும் போனேன். வேண்டாம் என்று அப்பா சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. சித்தப்பாவும் பெண்ணும் பழம் வாங்கப் போனார்கள். கள்ளக்குறிச்சி வண்டியின் பக்கத்தில் நாங்கள் இருவரும் நின்றோம். டீசல் புகையும் மூத்திர வாடையும்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது.

"அன்னிக்கி அந்த பஸ்ஸ நீ பாத்தியா?" என்று கேட்டார்.

"பாத்தன்."

"எத்தினி மணி இருக்கும்?"

"ஏழு."

"நானு எங்க இருந்தன்?"

"கட்டுல்லதாம்பா. மருந்து குடுத்திருந்தாங்க. தூங்கிக்கினு இருந்த."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார், கோபமே இல்லாமல், சின்னப் பிள்ளையிடம் கேட்கிற மாதிரி.

"எழுப்பியிருக்கக் கூடாதாடா? ஒத்தக் கையோட நானே இட்டுக்கினு போயி வுட்டிருப்பனே."

கம்பியை இடது கையால் பிடித்து ஏறினார். உதவிக்கு நான் நீட்டிய கையை அவர் பார்க்கவில்லை.